தோள் கேட்கும் அவகாசம்

‘தோள்ல அடி. எத்தனை நாள்ல சரியாகும்?’ பிசியோதெரபி பார்க்கிறவன் என்று தெரிந்தால் போதும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூட இதைக் கேட்டுவிடுவார். நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. தோளுக்குள் எலும்பு, நார், தசைநாண், குருத்தெலும்பு, நரம்பு என்று பல சமாச்சாரம் இருக்கிறது. எது போயிற்று என்று பார்க்காமல் நாள் குறித்தால் அது ஜோசியம்தான்.

கடைசியாகக் கேட்டவன் என் அக்கா மகன். கோயம்புத்தூரில் ஐ.டி. வேலை. சனிக்கிழமை விடிந்தால் மவுன்டன் பைக்கைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு நீலகிரிக்கு ஏறிவிடுவான். கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் ஓரமாக இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் முன்சக்கரம் ஒரு வேரில் முட்டி நின்றுவிட, ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து, வலது தோள் முனை தரையில் மோத விழுந்திருக்கிறான். கையை ஸ்லிங்கில் தொங்கப் போட்டபடி வீட்டுக்கு வந்தான். இடது கையால் டீ டம்ளரைத் தடுமாறிப் பிடித்துக்கொண்டு அவன் கேட்டது இதுதான்: “எப்பங்க மாமா மறுபடி வண்டி எடுக்கலாம்?” வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. அன்றைக்கு அவனிடம் சொன்னதையும், டீ தீர்ந்துபோனதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

விழுந்த விதத்தைக் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அந்த விதத்தில் பிரேக்குக்கும் பங்கு உண்டு. கலிபோர்னியாவின் டமல்பயஸ் மலைச்சரிவில் 1970-களில் மவுன்டன் பைக் விளையாட்டு உருவானபோது பழைய, கனமான சைக்கிள்களைத்தான் தள்ளிக்கொண்டு மேலே போனார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கிற பின்சக்கர பிரேக் அதில் இருந்தது. 1976-ல் ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் இறக்கப் போட்டி நடத்தத் தொடங்கினார்கள். ஒரு தடவை இறங்கி முடிப்பதற்குள் பிரேக்குக்குள் இருக்கிற கிரீஸ் கருகிப்போகும், புதுசாக அடைத்தால்தான் மறுபடி ஓட்ட முடியும். இன்றைக்கு ஒற்றை விரலால் அழுத்தினால் போதும், டிஸ்க் பிரேக் முன்சக்கரத்தை அப்படியே நிறுத்திவிடுகிறது. சக்கரம் நிற்கும், ஆள் நிற்க மாட்டான். பறக்கிறவன் பயத்தில் கையை நீட்டி ஊன்றினால் அடி மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வழியாக ஏறித் தோள் மூட்டை முன்பக்கமாகத் தள்ளிவிடும். ஹேண்டில்பாரை விடாமல் பிடித்தபடியே போய் விழுந்தால் தோள் முனை தரையில் மோதும். அப்போது காறை எலும்பு முறியும், அல்லது அதன் வெளிமுனையைக் கட்டியிருக்கும் நார் அறும். அவன் சொன்னதிலிருந்து இரண்டாவது வகை என்று புரிந்துவிட்டது.

கை உடம்போடு எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யோசித்தால் கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கும். எலும்பு வழியாக இருக்கிற ஒரே தொடர்பு காறை எலும்பு. ஆஸ்பத்திரியில் காலர் போன் என்பார்கள். அதன் உள்முனை நெஞ்செலும்போடு சேர்கிறது, வெளிமுனை தோள்பட்டை எலும்பின் உச்சியோடு சேர்கிறது. இந்த வெளிமுனைச் சேர்க்கைதான் ஏசி ஜாயின்ட். முதுகுப் பக்கம் இருக்கிற அகலமான தோள்பட்டை எலும்பு விலா எலும்புகளோடு எந்த மூட்டும் இல்லாமல் வெறும் தசைகளின் பிடியில் நிற்கிறது. மேற்கை எலும்பின் உருண்டை வந்து உட்கார்கிற குழியோ ஆழமே இல்லாதது. இடுப்பு மூட்டில் பந்து குழிக்குள் புதைந்திருக்கும். தோளிலோ டீ சாசர்மேல் எலுமிச்சம்பழத்தை வைத்த கதை. எந்த நேரத்திலும் உருண்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழியைத் தொடுவதில்லை. விளிம்பைக் கொஞ்சம் உயர்த்த லேப்ரம் என்ற குருத்து வளையம், சுற்றிலும் ஓர் உறை, அதற்கு மேல் ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகளின் நாண்கள். உருண்டையைக் குழியோடு அழுத்திப் பிடித்து வைப்பது பெரும்பாலும் இந்த நாலு பேர்தான். கை இத்தனை பக்கம் சுழல்வதற்கு உடம்பு கொடுத்த விலை இந்த ஆழமில்லாத குழி. அதனால்தான் தோள் அடிபட்டால் எலும்பு கூடியதோடு கதை முடிவதில்லை. தசைகள் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

விழுந்த இடத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம், செய்யக் கூடாதது நிறைய. முதலில் தலை. ஹெல்மெட் உடைந்திருக்கிறதா, ஆள் ஒரு நொடியாவது நினைவு தப்பினாரா, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாரா என்று பார்க்க வேண்டும். அப்படி ஏதாவது இருந்தால் தோளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கழுத்து வலித்தால் ஆளை அசைக்கவே கூடாது. மூச்சு விடச் சிரமப்பட்டால் விலா எலும்பு முறிந்து நுரையீரலைக் குத்தியிருக்கக் கூடும். இவை எதுவும் இல்லையென்றால் கைக்கு வரலாம். விரல்கள் அசைகின்றனவா, வெதுவெதுப்பாக இருக்கின்றனவா, மேற்கையின் வெளிப்பக்கம், சட்டையின் அரைக்கை மூடுகிற இடத்தில், தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா? தோள் இறங்கும்போது அதைச் சுற்றி ஓடுகிற ஆக்சிலரி நரம்பு இழுபடும்; அந்த இடம்தான் மரத்துப்போகும். முறிந்த காறை எலும்பின் முனை தோலைக் கூடாரமாகத் தூக்கி, தோல் வெளுத்திருந்தால் அதுவும் அவசரம்தான். இல்லாவிட்டால் ஒரு துண்டிலோ, போட்டிருக்கிற ஜெர்ஸியின் கீழ்விளிம்பை மேலே மடித்து ஊக்கு குத்தியோ கையைத் தாங்கவிட்டு, மெதுவாக ரோட்டுக்கு நடத்திக் கூட்டி வரலாம்.

இறங்கிய தோளைக் கூட வந்த நண்பர்கள் இழுத்துப் போடவே கூடாது. சினிமாவில் கதாநாயகன் சுவரில் ஓர் இடி இடித்துத் தோளைச் சேர்த்துக்கொண்டு அடுத்த சண்டைக்குப் போவான். மூட்டு விலகியதோடு எலும்பும் முறிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே இல்லாமல் கண்ணால் சொல்ல முடியாது. முறிந்த துண்டோடு இழுத்தால் நரம்பும் ரத்தக் குழாயும் அகப்படும். அக்குளில் குதிகாலை வைத்துக் கையை இழுக்கிற முறை கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டஸ் பெயரில் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் புழங்கியதுதான். இப்போது மயக்கமோ வலி மரப்போ கொடுத்து, தசை தளர்ந்தபின் மென்மையாகச் சுழற்றி உள்ளே அனுப்புகிறார்கள். போட்ட பிறகும் ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். நரம்பை மறுபடி சோதிப்பார்கள்.

தோள் இறங்கினால் வயது பெரிய விஷயம். பத்தொன்பது, இருபது வயதுப் பையனுக்கு முதல் தடவை இறங்கியிருந்தால் லேப்ரம் முன்பக்கம் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்தர் பேங்கார்ட் 1923-ல் விவரித்ததால் அவர் பெயரே அந்தக் கிழிசலுக்கு நின்றுவிட்டது. அந்த வயதில் மறுபடி இறங்குகிற வாய்ப்பு பாதிக்கு மேல். ஆகவே மலைப்பாதையில் ஓட்டுகிற பையனுக்கு முதல் தடவையிலேயே ஆபரேஷனைப் பற்றிப் பேசுவார்கள். நாற்பது தாண்டியவருக்கு மறுபடி இறங்குவது குறைவு. அவருக்கு ரொட்டேட்டர் கஃப் நாண் கிழிந்திருக்கிறதா என்பதுதான் பயம். இரண்டு மூன்று வாரம் கழித்தும் கையைத் தானாகப் பக்கவாட்டில் தூக்க முடியவில்லையென்றால் ‘போகப் போகச் சரியாகும்’ என்று உட்கார்ந்திருக்காமல் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். நாண் கிழிந்த தசை மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் சுருங்கி, கொழுப்பேறி, பிறகு தைத்தாலும் பலன் குறையும்.

காறை எலும்பு முறிவில் பத்துக்கு எட்டு நடுப்பகுதியில்தான். எஸ் வடிவத்தில் வளைந்து மெலிகிற இடம் அது, மேலே தசைப் போர்வையும் கிடையாது. ‘ஏன் மாவுக்கட்டு போடல?’ என்று வீட்டில் எல்லாரும் கேட்பார்கள். மாவுக்கட்டு வேலை செய்ய முறிவுக்கு மேலேயும் கீழேயும் இருக்கிற மூட்டுகளை நிறுத்த வேண்டும். காறை எலும்போ ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சோடு ஏறி இறங்குகிறது. எப்படிக் கட்டுவது? முன்பெல்லாம் இரண்டு தோளையும் பின்னுக்கு இழுத்து எட்டு வடிவில் பட்டி கட்டுவார்கள். அதனால் ஸ்லிங்கைவிடப் பெரிய நன்மை இல்லை, அக்குளில் உறுத்தல்தான் மிச்சம் என்று தெரிந்தபின் அது குறைந்துவிட்டது. புத்தூர் கட்டுக்குப் போகலாமா என்ற பேச்சும் வரும். என் அபிப்பிராயம்: எக்ஸ்ரே பார்க்காமல் யாரும் தோளை இழுக்கவோ, புதுக் காயத்தில் எண்ணெய் போட்டு நீவவோ கூடாது. அடிபட்ட முதல் வாரத்தில் உள்ளே ரத்தம் கசிந்து வீங்கியிருக்கிற இடத்தை அழுத்தித் தேய்த்தால் கசிவு கூடும், வேறொன்றும் நடக்காது. பிரண்டைத் துவையலும் ஆட்டுக்கால் சூப்பும் தாராளமாகச் சாப்பிடலாம், ருசிக்கு. சூப்பில் கால்சியம் பெரிதாக இறங்குவதில்லை. முட்டை, பருப்பு, கறி, பால் வயிற்றுக்குள் போவதும், சிகரெட்டை நிறுத்துவதும் எலும்புக்கு அதைவிட உதவும்.

இந்த எலும்புக்கு ஆபரேஷன் வேண்டுமா என்பது பழைய வழக்கு. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் 1960-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்: ஆபரேஷன் இல்லாமல் பார்த்த 2235 பேரில் 3 பேருக்குத்தான் எலும்பு சேரவில்லை. அரை நூற்றாண்டுக்கு உலகம் முழுக்க ‘ஸ்லிங் போடு, தானா கூடும்’ என்பதே மந்திரம். பிறகு 2007-ல் கனடா மருத்துவர்கள், துண்டுகள் முழுக்க விலகிய முறிவுகளை மட்டும், அதுவும் வயது வந்தவர்களிடம் மட்டும் எடுத்து, பிளேட் வைத்தவர்களையும் வைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். பிளேட் வைத்தவர்களில் 2 பேருக்கும், வைக்காதவர்களில் 7 பேருக்கும் எலும்பு சேரவில்லை. மொத்தம் 132 பேர் கொண்ட ஆய்வில் இது சின்ன வித்தியாசம் இல்லை. அதற்காக எல்லாருக்கும் பிளேட் என்றும் அர்த்தமில்லை. ஒட்டியே இருக்கிற முறிவுக்கு ஸ்லிங் போதும். இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் குட்டையாகிவிட்டாலோ, பல துண்டாகச் சிதறியிருந்தாலோ பிளேட் பேச்சு வரும்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் குறுக்கிட்டான். “டாம் பிட்காக்குக்கு ரெண்டு மாசம்தானுங்க மாமா ஆச்சு?” மவுன்டன் பைக் ஓட்டுகிற பையன்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். பிரிட்டன்காரரான பிட்காக் டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சில வாரம் முன்பு, 2021-ல், ரோட்டில் பயிற்சி செய்யும்போது கார் மோதிக் காறை எலும்பை முறித்துக்கொண்டார். பிளேட் வைத்தார்கள். சில நாளில் வீட்டுக்குள் நிறுத்தி மிதிக்கிற சைக்கிளில் ஏறிவிட்டார். ஜூலை 26 அன்று ஈஸு மலைப்பாதையில் தங்கம். இரண்டு மாதம் முழுசாக ஆகவில்லை.

அதிசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே என்ன நடந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முறிந்தது எலும்பின் தண்டு, மூட்டு இல்லை. பிளேட்டும் திருகாணிகளும் சுமையை ஏற்றுக்கொண்டதால் எலும்பு முழுசாகக் கூடுவதற்கு முன்பே கை வேலை செய்தது. தினமும் பக்கத்தில் மருத்துவர், பிசியோ; இருபத்தொரு வயது; அதோடு ஒலிம்பிக்குக்காக அந்த அபாயத்தை ஏற்கலாம் என்று தெரிந்தே எடுத்த முடிவு. எலும்பு கூடாத நிலையில் இன்னொரு தடவை விழுந்திருந்தால் பிளேட் வளைந்து மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிருப்பார். அதே ஈஸு பந்தயத்தில் மாத்தியூ வான் டெர் பூல் என்ற வீரர் ஒரு பாறை இறக்கத்தில் விழுந்து போட்டியை விட்டே போனார்.  திங்கட்கிழமை லேப்டாப் முன்னால் உட்கார வேண்டியவன் பிட்காக்கின் காலண்டரைக் கடன் வாங்கக் கூடாது. தவிர, இவனுக்கு முறிந்தது எலும்பே இல்லை.

எக்ஸ்ரேயைக் கொண்டுவந்திருந்தான். ஏசி ஜாயின்ட் விலகல், மூன்றாம் நிலை. சார்லஸ் ராக்வுட் என்ற அமெரிக்க மருத்துவர் 1984-ல் இதை ஆறு நிலையாகப் பிரித்தார். முதல் இரண்டில் நார் இழுபட்டிருக்கும், அல்லது பாதி அறுந்திருக்கும். ஒன்றிரண்டு வாரம் ஸ்லிங், பிறகு பயிற்சி. நாலு, ஐந்து, ஆறில் எலும்பு ரொம்ப விலகியிருக்கும், பெரும்பாலும் ஆபரேஷன்தான். நடுவில் இருக்கிற மூன்றுதான் வம்பு. மூட்டைச் சுற்றிய நாரும், காறை எலும்பைக் கீழே கட்டிவைத்திருக்கிற இரட்டை நாரும் அறுந்திருக்கும். ஆனாலும் பெரும்பாலான மருத்துவர்கள் முதலில் கத்தியில்லாமல்தான் பார்க்கச் சொல்கிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வாரப் பயிற்சிக்குப் பிறகும் வலியோ பலக்குறைவோ நீடித்தால் அப்போது யோசிக்கலாம் என்பார்கள். அவனைப் பார்த்த மருத்துவரும் அதைத்தான் சொல்லியிருந்தார். நல்ல யோசனை.

அக்காவுக்கு வேறு கவலை. தோளில் ஒரு மேடு தெரிகிறது. விரலால் அமுக்கினால் இறங்குகிறது, விட்டால் எழுந்து நிற்கிறது. “ஏண்டா, பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டா என்னத்தச் சொல்றது?” எலும்பு மேலே குதித்துவிட்டது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடந்தது தலைகீழ்: காறை எலும்பு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்க, கட்டு அறுந்ததால் தோள்பட்டையும் கையும் தங்கள் எடையில் கீழே இறங்கிவிட்டன. அந்த மேடு போகாது. வலி போகும், பலம் திரும்பும், மேடு மட்டும் சட்டைக்குள் இருக்கும். “சட்டை போட்டா தெரியாதுக்கா” என்றேன். அக்கா சமாதானமான மாதிரித் தெரியவில்லை.

ஸ்லிங் காலத்தை அலட்சியமாகக் கடத்திவிடுகிறார்கள். அதில்தான் சின்னச் சின்ன வேலை அதிகம். உள்ளங்கை முழங்கையைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும், மணிக்கட்டு துணிக்கு வெளியே தொங்கக் கூடாது. இவன் ஸ்லிங் தளர்ந்து முழங்கை வெளியே வந்து கையின் எடை முழுக்கக் கழுத்தில் ஏறியிருந்தது. வலி கழுத்துக்கு வந்ததற்கு அதுதான் காரணம். விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் மணிக்கொரு தடவை அசைக்காவிட்டால் அடிபடாத மூட்டுகளும் சேர்ந்து இறுகும். சட்டை போடும்போது அடிபட்ட கை முதலில் உள்ளே, கழற்றும்போது கடைசியில் வெளியே. அக்குளைக் கழுவ இடுப்பில் குனிந்து கையைத் தளரத் தொங்கவிட்டால் தானாக இடம் கிடைக்கும். நம் ஊர் வேர்வைக்கு ஈரத்தை ஒற்றி எடுக்காமல் விட்டால் தோல் வெந்துவிடும். படுத்தால் வலி கூடுகிறவர்கள் ஈசிச் சேரில் சாய்ந்து, முழங்கைக்குக் கீழே தலையணை வைத்துத் தூங்கலாம். ராத்திரி ஏன் வலி அதிகம் என்று கேட்பார்கள். படுத்தவுடன் தோளின் எடை பின்பக்கம் விழுந்து காயப்பட்ட உறையை இழுக்கிறது. தலையணை அந்த இழுப்பை நிறுத்துகிறது.

மருத்துவர் அனுமதித்ததும் முதலில் வருவது ஊசல் பயிற்சி. நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிய வேண்டும். அடிபட்ட கை கீழே தொங்கட்டும். அப்புறம் உடம்பை மட்டும் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால், கை தானாக ஆடும். இவனைச் செய்யச் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு கையைச் சுழற்றினான். தோளைச் சுற்றித் தசைகள் கல்லாக நின்றன. “கையை ஆட்டாதே, இடுப்பை ஆட்டு” என்று இடுப்பில் கை வைத்துத் தள்ளியதும்தான் புரிந்தது. தசை தூங்க, பூமியின் ஈர்ப்பு மூட்டைக் கொஞ்சம் விரிக்க, உறை ஒட்டாமல் அசைய வேண்டும், அதுதான் கணக்கு.

இந்தப் பயிற்சி போஸ்டன் மருத்துவர் எர்னஸ்ட் கோட்மன் பெயரில் வழங்குகிறது. தோளைப் பற்றியே 1934-ல் ஒரு தடித்த புத்தகம் எழுதியவர். உறைந்த தோள் என்று நாம் இன்றைக்கும் சொல்கிற வியாதிக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். வேறொரு பிடிவாதமும் அவருக்கு இருந்தது. ஆபரேஷன் செய்த ஒவ்வொருவரும் ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறார் என்று ஆஸ்பத்திரி தேடிப் போய்ப் பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்றார். சக மருத்துவர்களுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். தோளை மூன்றாம் வாரத்தில் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு வருஷம் கழித்துப் பார்க்க வேண்டும்.

உறைந்த தோள் பயம் நியாயமானதுதான், குறிப்பாக நாற்பது வயதுக்கு மேல், சர்க்கரை இருப்பவர்களுக்கு. அசைத்தால் வலிக்குமே என்று சொன்ன நாளுக்கு மேலும் ஸ்லிங்கைக் கழற்றாமல் இருந்தால் உறை தடித்துச் சுருங்கி, தலை வாரவும் பின்பாக்கெட்டில் பர்ஸ் வைக்கவும் முடியாமல் போகும். இளவட்டங்கள் எதிர்ப்பக்கம் தப்பு செய்கிறார்கள். மூன்று நாலு வாரத்தில் வலி வடிந்துவிடும். ஸ்லிங்கை மூலையில் எறிந்துவிட்டு கேஸ் சிலிண்டரைத் தூக்குவார்கள்.

அக்கா மகனுக்கு நான் அழுத்திச் சொன்னது இந்த ஒன்றைத்தான்: வலி போகிற தேதி வேறு, காயம் ஆறுகிற தேதி வேறு. அடிபட்ட சில நாளுக்கு அந்த இடத்தில் வீக்கமும் சூடும் இருக்கும். வலி பெரும்பாலும் அதனால் வருவது. வீக்கம் வடிந்ததும் வலி குறைகிறது. உள்ளே அப்போதுதான் புதுத் தழும்பு நார் உருவாகத் தொடங்கியிருக்கும். முதல் வாரங்களில் அந்த இழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். இழுவை எந்தத் திசையில் வருகிறதோ அந்தத் திசையில் அடுக்கிக்கொண்டு கெட்டிப்பட மாதங்கள் ஆகும். ஒரு வருஷம்வரைகூட அந்த வேலை நடக்கும். ஆகவே சுமை கொடுக்காமலும் இருக்கக் கூடாது, கொடுத்தால் தவணை முறையில்தான் கொடுக்க வேண்டும். ‘ஆறு வாரம்’ என்று மருத்துவர் சொல்வது பெரும்பாலும் ஸ்லிங்குக்கும் தினசரி வேலைக்கும். பாறையில் குதிப்பதற்கு அல்ல.

தவணை என்றால் எப்படி? முதலில் அசையாமலே பலம்: சுவரை ஒட்டி நின்று, முழங்கையை மடக்கி, கையின் வெளிப்பக்கத்தால் சுவரை மெல்ல அழுத்திச் சில நொடி வைத்திருப்பது. அப்புறம் ரப்பர் பேண்ட். அக்குளில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அது கீழே விழாமல் முன்கையை வெளியே திருப்ப வேண்டும். துண்டு விழுந்தால் ரொட்டேட்டர் கஃபுக்குப் பதில் பெரிய தோள் தசை வேலையைத் திருடிவிட்டது என்று அர்த்தம். பிறகு தோள்பட்டை எலும்பைப் பிடித்திருக்கிற தசைகள். சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுத்து, முடிவில் இன்னும் ஒரு அங்குலம் முதுகைப் பின்னே தள்ளினால் விலாவோரம் ஒரு தசை முழிக்கும். ஏசி ஜாயின்ட் போனவனுக்கு அதுதான் புதுக் கட்டு. நெஞ்சுக்கு முன்னால் கையைக் குறுக்கே கொண்டுபோவதும், தலைக்கு மேல் எடை தூக்குவதும் அவனுக்குக் கடைசியில்தான். எவ்வளவு வலிக்கலாம்? செய்யும்போது லேசாக வலித்து, அடுத்த நாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரியான அளவு. காலையில் தோள் கூடுதலாக முனகினால் நேற்றைய கணக்கைப் பாதியாக்க வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்கிறவனுக்கு இந்தக் காலைப் பரீட்சை பொய் சொல்லும்.

சரி, வண்டி எப்போது? அவன் கேள்வி நியாயமானது, மழுப்பக் கூடாது. வீட்டுக்குள் நிறுத்தி மிதிப்பதைக் கையில் எடை ஏறாமல் நிமிர்ந்து உட்கார்ந்தால் இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே தொடங்கலாம். இவன் காயத்துக்கு நல்ல தார் ரோட்டில் ஆறு, எட்டு வாரம்; மலைப்பாதைக்கு ஏறக்குறைய மூன்று மாதம். ஸ்லிங்கிலேயே கூடிய காறை எலும்புக்கும் மூன்று நாலு மாதம், எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது தெரிந்த பிறகு. லேப்ரம் தைத்தவர்களுக்கு ஆறு மாதத்தை ஒட்டி. ரொட்டேட்டர் கஃப் தைத்தவர்களுக்கு முக்கால் வருஷம், சிலருக்கு ஒரு வருஷம். ஆனால் காலண்டரைவிட நான் தோளைத்தான் நம்புவேன். இரண்டு கையும் ஒரே உயரம் போகிறதா? ரப்பர் பேண்டை வெளியே திருப்பும் பலம் நல்ல கையின் பலத்தில் பத்துக்கு ஒன்பதாவது இருக்கிறதா? தண்டால் நிலையில் ஒரு கையை எடுத்து எதிர்த் தோளைத் தொடும்போது உடம்பு கோணாமல் நிற்கிறதா? இறக்கத்தில் ஓட்டுகிறவன் இருக்கையில் உட்கார்வதில்லை. முழங்கை மடங்கி, எழுந்த நிலையில், ஒவ்வொரு கல்லும் கொடுக்கிற அதிர்ச்சியைக் கைகளால் விழுங்குகிறான். அந்த வேலையைத் தரையில் செய்ய முடியாத தோள் பாறைமேலும் செய்யாது.

பயம் தனி. விழுந்த இடத்துக்கு மறுபடி வரும்போது முழங்கை தானாக விறைக்கும், கண் வேரையே பார்க்கும், விரல் முன் பிரேக்கை இறுக்கும். முதல் தடவை அவனைத் தூக்கி எறிந்ததும் அதே சங்கதிதான். அந்த இடத்தில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. உலகக் கோப்பையில் ஓட்டுகிறவர்கள் பந்தயத்துக்கு முன் பாதையை நடந்தே பார்க்கிறார்கள். பிரேக்கை வேருக்கு முன்பே முடித்துக்கொண்டு, எடையைப் பெடலில் இறக்கி, சக்கரத்தைச் சுதந்திரமாக உருள விடுவதை ஒரு சமதள மைதானத்தில் பழகிவிட்டு மலைக்குப் போகலாம். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, முன் சஸ்பென்ஷனை இலகுவாக வைத்தால் தோளுக்கு வருகிற அதிர்ச்சியும் குறையும்.

பிளேட் வைத்தவர்கள் ‘அதை எடுக்கணுமா?’ என்று கேட்பார்கள். உறுத்தாவிட்டால் விட்டுவிடலாம். பையின் பட்டை பட்டு உறுத்தினால் ஒரு வருஷம் தாண்டி எடுப்பார்கள். எடுத்த பிறகு திருகாணித் துளைகள் நிரம்பும்வரை அந்த எலும்பு பலவீனம். அந்த வாரங்களில் மலைப்பாதை கூடாது. ‘பிளேட்தான் எடுத்தாச்சே’ என்று அன்றைக்கே கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

தோளுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு, விழுந்த அன்று போட்டிருந்த ஹெல்மெட்டையே மறுபடி மாட்டிக்கொண்டு போகிறவர்களையும் பார்க்கிறேன். தலை மோதியிருந்தால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கிற தெர்மோகோல் அமுங்கியிருக்கும், அடுத்த அடியை அது வாங்காது. புதுசு வாங்க வேண்டும். ஹேண்டில்பாரையும் கழற்றி, ஸ்டெம் பிடிக்கிற இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். கார்பன் என்றால் சந்தேகம் வந்தாலே மாற்றிவிட வேண்டும். பிரேக் லீவர் திருகாணியை முழுக்க இறுக்காமல், மோதினால் தானாகத் திரும்புகிற அளவுக்கு விட்டு வைக்கச் சொல்லுங்கள். லீவரும் உடையாது, கையும் பிழைக்கும்.